எழுதப்படாத இரண்டு ராத்திரி

சிங்கப்பெருமாள் கோயில் கூட்ரோட்டில் ஒரகடம் போகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தபோதுதான் அதை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து திரும்புகிற இடம். வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஓர் இளம் காவலரின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு கறுப்புப் பெட்டி. அதில் சிவப்பாக ஒரு புள்ளி. என்னோடு நின்றிருந்த எங்கள் காலனிச் சின்னம்மா, வயசு எழுபதுக்கு மேலே, கேட்டுச்சு.

"இன்னாடா அது, மாருல மினுக்கு மினுக்குனு எரியுது?"

"கேமரா சின்னம்மா. எதுர்ல நிக்கிறவங்களப் புடிக்கும்."

"அப்போ அந்தப் புள்ள மூஞ்சி அதுல உழுவாதா?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம். ஆனால் சின்னம்மா கேட்டது என்னை விடவில்லை. பாடி கேமரா பற்றி நான் அதற்கு முன்பும் பிறகும் படித்த ஆய்வுகள் எதுவும் அந்தக் கேள்வியை அவ்வளவு நேராகக் கேட்கவில்லை. போலீசின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்கிற கண் அது. லத்தி பிடித்த கை எப்போதாவது ஓரத்தில் தெரியலாம். லத்தி பிடித்தவன் முகம் தெரியாது. அடிவாங்குகிறவன் முகம் முழுசாகத் தெரியும்.

கேமரா வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போலீஸ் கையில் இருக்கிற 'பதிவு' என்ற பொருளோடு நமக்குள்ள பழைய பழக்கத்தைக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் எங்கப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1983. நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கப்பா கல்குவாரியில் கல்லுடைக்கிறவர். ஊர்த்தெருக்காரர் ஒருவரின் கிணற்று மோட்டார் காணாமல் போனது. மோட்டார் காணோம்னா முதலில் சேரிக்குத்தான் ஜீப் வரும், அது அப்போதைய வழக்கம். (இப்போது மட்டும் என்ன என்று கேட்பீர்கள். சரிதான்.) செவ்வாய்க்கிழமை சாயந்தரம் எங்கப்பாவை இட்டுனு போனாங்க. எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். அம்மாவும் நானும் ராத்திரி அந்த ஸ்டேஷனுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பாரா நின்றவர், "இங்க அப்படி யாரையும் கொண்டாரல, போம்மா" என்றார். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. கல்தூசி தின்ற நெஞ்சின் இருமல். அந்த இருமலோடுதான் நாங்கள் தினமும் தூங்கினோம், எங்களுக்குத் தெரியாதா? அம்மா அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது. புதன் ராத்திரியும் அப்படியே.

வெள்ளிக்கிழமை காலையில் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருந்தது இது: வியாழன் இரவு பதினொரு மணிக்கு ஒரு ரயில்வே கேட் அருகே சந்தேகப்படும்படி நின்றவரைப் பிடித்து விசாரித்ததில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செவ்வாய் ராத்திரி இல்லை. புதன் ராத்திரி இல்லை. கைது செய்த இருபத்திநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்கிற அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு அந்தக் காகிதத்தில் கச்சிதமாகக் காப்பாற்றப்பட்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து சாட்சி நிற்காமல் கேஸ் தள்ளுபடியானது. அதற்குள் எங்கப்பாவின் வலது கை சுத்தியல் பிடிக்கிற வேலைக்கு ஆகாமல் போய்விட்டது. அந்த இரண்டு ராத்திரி எந்த நோட்டுப் புத்தகத்திலும் இல்லை. அம்மா சாகிறவரைக்கும் சொல்லும்: "நாம பார்த்தோம்டா. அவங்க எழுதல."

இந்தப் பார்த்ததுக்கும் எழுதினதுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் நம்ம ஜில்லாக்களில் ரொம்பப் பழசு. 1854இல் மதராஸ் ராஜதானியில் நடக்கும் சித்திரவதையைப் பற்றி இங்கிலாந்து பாராளுமன்றத்தில் பேச்சு கிளம்பியது. கம்பெனி அரசு ஒரு கமிஷன் போட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். 1855இல் அறிக்கை வந்தது. மொத்தம் 1,959 புகார்கள் வந்தன. அவற்றில் 519 பேர் நேரில் வந்து சொன்னார்கள், 1,440 புகார்கள் கடிதமாக வந்தன. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் என்னென்ன செய்தார்கள் என்று அந்த அறிக்கை பேர் பேராகச் சொல்கிறது. கைவிரல்களை மரத்துக்கிடையில் வைத்து நெரிக்கிற கிட்டி. ஆளை வளைத்துத் துணியாலோ கயிற்றாலோ கட்டி வெயிலில் போடுகிற அண்ணாந்தாள். அன்றைக்கு வரிவசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் என்கிற ஒரே கையில் இருந்தன. 1857இல் கார்ல் மார்க்ஸ் இந்த விசாரணையை வைத்து நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார்.

இந்த அறிக்கைக்குப் பின்னால்தான் 1859இன் 24ஆவது சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த சென்னை மாகாணப் போலீஸ் பிறந்தது அதில்தான். அதாவது இன்று நாம் பார்க்கிற காக்கிச்சட்டை, சித்திரவதையை நிறுத்தப்போகிறோம் என்ற வாக்குறுதியோடு தைக்கப்பட்ட சட்டை. 1872இல் வந்த சாட்சியச் சட்டம், போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. தன் போலீஸ் எழுதுவதைத் தானே நம்பக்கூடாது என்று ஒரு அரசாங்கம் சட்டம் போட்டுக்கொண்டது வேடிக்கைதான். ஆனால் ஒப்புதல் செல்லாதே தவிர, அதை வாங்குகிற அடி நிற்கவில்லை. அடி விழுகிற நேரத்தைப் பதிவிலிருந்து தள்ளிவைத்துவிட்டால் போதும் என்று ஸ்டேஷன் கற்றுக்கொண்டது. எங்கப்பாவின் செவ்வாயும் புதனும் அப்படித் தள்ளிவைக்கப்பட்டவை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லாவிட்டால் பதிவு என்றாலே நமக்குப் பகை என்று ஆகிவிடும். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் நம் ஜில்லாப் பறையர்களின் நிலைமையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நிலமில்லாமலும் குடியிருக்கிற மனை கூடச் சொந்தமில்லாமலும் கிடந்த சனங்களைப் பற்றிய அந்தக் காகிதம்தான் 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணைக்கு அடிப்படை ஆனது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அது. நூறு வருஷம் கழித்து அதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் நிலத்தைத் திருப்பிக்கொடு என்று நம் ஆட்கள் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். எழுதிவைத்த ஒரு தாள் நம் கைக்கு வந்தால் அதற்கு எவ்வளவு பலம், அந்தப் பலத்துக்கு என்ன பதில் கிடைக்கும், இரண்டையும் காரணை காட்டியது.

கேமராவுக்கு வருகிறேன். போலீஸ் உடம்பில் கேமரா மாட்டும் சோதனை 2005இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் தொடங்கியது. பெரிசாகப் பேசப்பட்டது அமெரிக்காவில். கலிபோர்னியாவில் ரியால்டோ என்ற சின்ன ஊரில் 2012இல் ஒரு வருஷம் சோதித்தார்கள். கேமரா மாட்டிய பிறகு போலீஸ் பலத்தைப் பயன்படுத்துவது பாதியளவு குறைந்தது, புகார்களும் பெருமளவு குறைந்தன என்று முடிவு வந்தது. 2014 ஆகஸ்டில் பெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞனை ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டுக்கொன்றபோது ஊரே எரிந்தது. அந்த வருஷக் கடைசியில் ஒபாமா அரசு ஐம்பதாயிரம் கேமராக்களுக்குப் பணம் ஒதுக்கப்போவதாகச் சொன்னது. 2017இல் வாஷிங்டன் நகரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களை வைத்துப் பார்த்தபோது, கேமரா இருப்பதாலும் இல்லாததாலும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

ஏன் இப்படி மாறி மாறி வருகிறது? 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை மாதிரி ஒன்றைச் சொன்னது. விதிப்படி ஆரம்பத்திலிருந்தே கேமராவை ஓடவிட்ட இடங்களில் பலப்பிரயோகம் 37 சதவீதம் குறைந்திருந்தது. எப்போது போடுவது என்பதைப் போலீஸ்காரரின் இஷ்டத்துக்கு விட்ட இடங்களில் 71 சதவீதம் கூடியிருந்தது. ஒரே கேமராதான். சுவிட்ச் யார் கையில் என்பதுதான் வித்தியாசம். இதைப் படித்தபோது எனக்கு ஸ்டேஷன் ரைட்டரின் பேனாதான் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குப் போடப்பட்ட சுவிட்ச் அது.

கறுப்பின மக்கள் இதை நம்மைவிட முன்னாலேயே அறிந்தவர்கள். 1966இல் ஓக்லாண்டில் கருஞ்சிறுத்தைகள் செய்த முதல் வேலையே போலீஸ் வண்டிக்குப் பின்னால் போய், சட்டப் புத்தகமும் துப்பாக்கியுமாகத் தள்ளி நின்று, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான். அந்தப் பேரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங்கைப் போலீசார் அடித்ததைப் படம்பிடித்தது ஒரு பக்கத்து வீட்டுக்காரர், தன் பால்கனியிலிருந்து. 2020 மே 25இல் ஜார்ஜ் பிளாய்டின் கழுத்தில் முழங்கால் வைத்ததை உலகத்துக்குக் காட்டியது தெருவில் நின்ற பதினேழு வயசுப் பெண்ணின் செல்போன். அங்கே நின்ற போலீஸ்காரர்கள் சட்டையிலும் கேமரா இருந்தது. ஆனாலும் போலீஸ் விட்ட முதல் அறிக்கையில் முழங்கால் பற்றி ஒரு வரி கிடையாது. மருத்துவ அசௌகரியத்தில் இறந்துபோனார் என்று சொல்லிவிட்டார்கள்.

நம்ம ஊரில் கேமரா முதலில் போக்குவரத்துப் போலீசிடம் வந்ததற்குக் காரணம், அபராதம் போடும்போது வண்டிக்காரர்கள் தகராறு செய்வதைப் பதிவுசெய்வது. காரில் வருகிற பெரிய மனுசனின் திமிரிலிருந்து கடைநிலைக் காவலரைக் காப்பாற்ற அது உதவும், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் காவலர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் லாக்கப் நடுரோட்டில் இல்லை. ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் வைக்கிற லாட்ஜும் தோப்பும் கொட்டகையும் சிக்னலில் இல்லை.

லாக்கப்புக்கும் கேமரா வந்தது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கைதுக்கு விதிகள் வகுத்தது. கைது செய்த நேரத்தை எழுது, சாட்சி கையெழுத்து வாங்கு, சொந்தக்காரருக்குச் சொல் என்றது. 2020 ஜூன் 19ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அப்பனும் மகனும் மூன்று நாள் கழித்து ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். அவர்கள் தரையில் உருண்டார்கள், அதில் காயம் என்று எப்.ஐ.ஆர். சொன்னது. பக்கத்துக் கடையின் கேமரா அப்படி எதையும் காட்டவில்லை. ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் போய்ப் பார்த்தபோது, ஹார்ட் டிஸ்கில் போதுமான இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைசியில் சாட்சியாக நின்றது அங்கே வேலைபார்த்த தலைமைக் காவலர் ரேவதி என்கிற பெண். மெஷின் மறந்ததை ஒரு மனுசி ஞாபகம் வைத்திருந்தார். செத்தவர்கள் தலித்துகள் அல்ல, கடைத்தெரு வியாபாரிகள். அதனால்தானோ என்னவோ நாடு முழுக்கக் கேட்டது. கேட்டது நல்லதுதான். அதே கேள்வி எங்கள் காலனிப் பிள்ளை செத்தாலும் கேட்குமா என்பது வேறு விஷயம்.

அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வை என்று உத்தரவு போட்டது. வாசல், லாக்கப், நடை, வரவேற்பு, கழிப்பறைக்கு வெளியே என்று இடம் இடமாகச் சொன்னது. இருட்டிலும் படம்பிடிக்கணும், சத்தமும் பதிவாகணும், பதினெட்டு மாசம் வைத்திருக்கணும், முடியாவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. சத்தமும் என்ற அந்த இடத்தைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் மேலே படிக்கவில்லை. எங்கப்பாவின் இருமல் பதிவாகியிருக்கும். ஆனால் 2025 செப்டம்பரில் அதே உச்சநீதிமன்றம், ஸ்டேஷன்களில் கேமராக்கள் ஓடுவதில்லை என்று தானாகவே வழக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராஜஸ்தானில் மட்டும் எட்டு மாசத்தில் பதினொரு பேர் போலீஸ் காவலில் செத்ததாக வந்த பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு.

அதற்கு மூன்று மாசம் முன்னால்தான் திருப்புவனம் நடந்தது. மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், இருபத்தேழு வயசு, காரில் வைத்த நகை காணோம் என்ற புகாரில் பிடிபட்டவர், 2025 ஜூன் 28இல் செத்தார். சீருடை போடாத தனிப்படை அடித்தது. ஸ்டேஷனில் கேமரா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அடித்தது கோயிலுக்குப் பின்னால். கழிப்பறை ஜன்னல் வழியாக ஒருவர் செல்போனில் பிடித்த சில விநாடிகள்தான் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்கையே திருப்பியது.

தாமிரபரணியை மறக்க முடியுமா? 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் போன ஊர்வலம், தடியடி, ஆற்றில் பதினேழு பிணம். விசாரணைக் கமிஷன் போலீஸ் பக்கம் நின்றது. அன்று அங்கே இருந்த வீடியோக்காரர்கள் எடுத்த காட்சிகளை வைத்து ஆர்.ஆர். சீனிவாசன் ஓர் ஆவணப்படம் செய்தார். ஆற்றில் இறங்கியவர்களையும் லத்தி விடவில்லை என்பதை அதில் யாரும் பார்க்கலாம். இது அத்தனையிலும் கவனித்தீர்களா, நமக்கு உதவிய கண் ஒன்றுகூடக் காக்கிச்சட்டையில் மாட்டியிருந்ததில்லை.

சட்டத்தில் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. அதை நம் ஆட்களே அதிகம் கேட்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவின் பத்தாவது உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதியவேண்டும் என்கிறது. அதே திருத்தம் 4ஆம் பிரிவில், வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு கையெழுத்து வாங்குமுன் அவருக்குப் படித்துக்காட்டு, காட்டாவிட்டால் குற்றம் என்றும் சொல்கிறது. யோசித்துப் பாருங்கள், சேரியிலிருந்து போன ஒரு கிழவி சொன்னது ஒன்று, ரைட்டர் எழுதினது ஒன்று என்பது எத்தனை நாள் வழக்கமாக இருந்திருந்தால் இதைச் சட்டமாகவே எழுதவேண்டி வந்திருக்கும்! 2024 ஜூலை 1இலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு, சோதனை போடுவதையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒளி ஒலியோடு பதியவேண்டும் என்கிறது. மகஜரில் மூன்றாம் பேர்வழி போடுகிற கையெழுத்தோடு இப்போது செல்போனும் வந்திருக்கிறது. அதை ஓடவிடுவதும் போலீஸ்தான். கோர்ட்டில் மின்னணுப் பதிவு செல்லவேண்டுமென்றால் அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அது யார்?

பயமும் இருக்கிறது. ஏப்ரல் 14 ஊர்வலத்தில் பக்கத்திலேயே நடந்துவந்து ஒவ்வொரு முகமாகப் பிடிக்கிற போலீஸ் வீடியோக்காரரை நமக்கெல்லாம் பழக்கம். 1911இல் மதராஸ் ராஜதானிக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைத்துவிட்டு ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுத்த சாதிகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 2021இலிருந்து தமிழ்நாடு போலீசிடம் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. நெஞ்சுக் கேமராவை அதோடு கோர்த்துவிட்டால் நோட்டுப் புத்தகமே தேவைப்படாது.

1995இல் கல்லூரி முடித்த புதிதில் ஓர் உண்மை அறியும் குழுவோடு போயிருந்தேன். தென்மாவட்டத்தில் ஒரு கிராமம். போலீஸ் உள்ளே புகுந்து பானை சட்டியிலிருந்து டிவி வரைக்கும் உடைத்துவிட்டுப் போயிருந்தது. என் வேலை டேப்ரிக்கார்டரைப் பிடித்துக்கொள்வது. ஒரு அம்மா பேச ஆரம்பிக்கும் முன்னே மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இத யார்ட்ட குடுப்பிய? எங்களுக்கு ஒண்ணு குடுப்பியளா?" தருவதாகச் சொன்னேன். திரும்பி வந்து அறிக்கை அடித்தோம், பத்திரிகைக்குக் கொடுத்தோம், கூட்டம் போட்டோம். கேசட் பிரதி எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பவில்லை. மறந்துபோனேன். அதுதான் உண்மை.

இப்போது எங்கள் பகுதித் தோழர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். செங்கல்பட்டுக் கலெக்டருக்கும் போலீஸ் மேலதிகாரிகளுக்கும் கொடுக்கப்போகிறோம். ஆளைப் பிடிக்கும்போதே கேமரா ஓடவேண்டும், அணைத்தால் ஏன் அணைத்தாய் என்று எழுதவேண்டும். அதில் இருக்கிற ஆளோ அவர் வீட்டாரோ கேட்டால் பிரதி தரவேண்டும், காசில்லாமல். கேமரா இருந்தும் பதிவு இல்லை என்றால் போலீஸ் சொல்வதை அல்ல, அடிபட்டவர் சொல்வதையே கோர்ட் முதலில் நம்பவேண்டும். கடைசிக் கோரிக்கையைச் சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று எங்கள் வக்கீல் தோழர் இழுக்கிறார். இருக்கட்டும், எழுதுங்க என்று சொல்லியிருக்கிறேன்.

மனுவைச் சின்னம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள மூஞ்சி உழுவணும்னு எழுதினியா?" என்றது. எழுதவில்லை. மனுவில் அதற்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.